சாவி குடுங்கண்ணா

போன வாரம் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்திய ரொம்ப நாள் கழிச்சு பாத்தேன். ஏண்டி நாள் பூரா வண்டியிலயே இருக்கியே, இடுப்பு வலிக்காதா, வெயில்ல மண்ட காயாதா, ரோட்ல பசங்க வம்பு பண்ண மாட்டானுங்களான்னு வரிசையா கேட்டா. எல்லாம் தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா காலைல 7 மணிக்கு லாகின் பண்ணதுல இருந்து ராத்திரி வீட்டு வாசல்ல வண்டிய ஸ்டாண்ட் போடற வரைக்கும் என் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கறது அடுத்து எங்க பாத்ரூம் போறதுங்கற கணக்கு தான்னு சொன்னேன். சிரிச்சிட்டா. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் தான் இத எழுதி வெக்கலாம்னு தோணுச்சு.

வயசு 24, பி.காம், வேளச்சேரி பக்கம் சாப்பாடு டெலிவரி பண்றேன். ஒன்றரை வருஷமாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஆபீஸ்ல 11 ஆயிரம் சம்பளத்துக்கு டேலி என்ட்ரி போட்டுட்டு இருந்தேன். அத ஏன் விட்டன்னு எல்லாரும் பெரிய கதையா எதிர்பாக்கறாங்க, கதையெல்லாம் ஒன்னும் இல்லங்க, 11 ஆயிரம் பத்தல. வண்டி ஆக்டிவா, எனக்கு முன்னாடி ரெண்டு ஓனர பாத்த வண்டி, இடது பக்க மிரர் மட்டும் தான் அதுல ஒரிஜினல்னு மெக்கானிக் அண்ணன் சொல்லுவாரு. எந்த ஆப்புன்னு கேக்காதீங்க, சொன்னா ஐடிய பிளாக் பண்ணிடுவானுங்க. எல்லாம் ஒரே குட்டைல ஊறுன மட்டை தான், டீ-ஷர்ட் கலரு தான் வேற வேற.

காலைல அஞ்சரைக்கு எழுந்துடுவேன். அம்மா ரெண்டு வீட்ல சமையல் வேலைக்கு போறாங்க, அவங்க கெளம்பறதுக்குள்ள எனக்கு நாலு இட்லி எடுத்து வெச்சிடுவாங்க. டீ மட்டும் அரை டம்ளர். அதுக்கு மேல ஊத்துனா அப்படியே விட்டுடுவேன், குருவி கூட உன்ன விட நல்லா குடிக்கும்டின்னு தினமும் ஒரு திட்டு விழும். கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி பாத்ரூம் போவேன். மொத வாட்டி நெஜமாவே. ரெண்டாவது வாட்டி சும்மா ஒரு தைரியத்துக்கு.

அப்புறம் டீ-ஷர்ட் தெரியற மாதிரி, பேக் தெரியற மாதிரி செல்ஃபி எடுத்து ஆப்புக்கு அனுப்பணும். அது என் மூஞ்சிய பாத்து நான் தான்னு ஒத்துக்கணும். முடிய பின்னி உள்ள விட்டுட்டு ஹெல்மெட் மாட்டுனா ரெண்டு மூணு வாட்டி அதுக்கு அடையாளமே தெரியாது. ஒரு நாள் எண்ண வெச்சு வழிச்சு சீவி இருந்தேன், அன்னிக்கு ஆறு வாட்டி ரிஜெக்ட் பண்ணுச்சு, நான் பண்ற அலங்காரம் எல்லாம் அதுக்கு ஆகாது போல.

முதல் ரெண்டு மணி நேரம் ஜோரா போகும். பொங்கல் வடை, இட்லி, பூரி. தரமணி, பெருங்குடி பக்கம் லேடீஸ் பிஜி நெறைய இருக்கு, ஐடி கம்பெனி பொண்ணுங்க பாதி தூக்கத்துல கீழ இறங்கி வந்து வாங்கிட்டு போவாங்க. அந்த நேரம் ரோடும் காலி, வெயிலும் ஏறாது, தரமணி லிங்க் ரோட்ல காத்து மூஞ்சில அடிக்கும், இந்த வேலைய ஏன் எல்லாரும் திட்டறாங்கன்னு எனக்கே தோணும். பத்து மணிக்கு மேல தெரிஞ்சிடும் ஏன்னு.

காசு கணக்கையும் சொல்லிடறேன், கல்யாண வீட்டுக்கு போனா கூட இத தான் கேக்கறாங்க. ஒரு ஆர்டருக்கு 25 ரூபால இருந்து 45, 50 வரைக்கும் வரும், தூரத்த பொறுத்து. நல்லா ஓடுன நாள்ல 25 ஆர்டர் அடிப்பேன். சுமாரா 900 ரூபா வெச்சுக்கோங்க. வண்டி 110 கிலோமீட்டர் கிட்ட ஓடியிருக்கும், என் வண்டி 45 தான் குடுக்கும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய தாண்டி எவ்ளோ நாளாச்சு, அப்போ கிட்டத்தட்ட 250 ரூபா பெட்ரோலுக்கே போயிடும். மிச்சம் 650. இதுல ஆயில் மாத்தறது, டயர், பிரேக் ஷூ எல்லாம் தனி. வாரத்துக்கு இத்தன ஆர்டர், இத்தன மணி நேரம் லாகின்னு ஒரு டார்கெட் இருக்கு, அத முடிச்சா இன்சென்டிவ். அந்த இன்சென்டிவ் வந்தா தான் நாம பண்றது வேலை, வரலன்னா ஊர் சுத்தி பாத்த மாதிரி தான். கடைல பிரியாணி தம் பிரிக்கற வரைக்கும் அரை மணி நேரம் நிக்கறேன் பாருங்க, அதுக்கு நான் ஓட்டற ஆப்ல சல்லி காசு கெடையாது.

இங்க தான் விஷயம். மதியம் 12ல இருந்து 3, ராத்திரி 7ல இருந்து 10, இது ரெண்டும் பீக். அந்த நேரத்துல ஆஃப்லைன் போனா லாகின் மணி நேரம் கொறையும். ஆன்லைன்ல இருந்துட்டு ஆர்டர் வந்து எடுக்கலன்னா ரிஜெக்ட் கணக்குல போகும். வண்டி பஞ்சர்னு சொல்ல ஆப்ல பட்டன் இருக்கு, கட தொறக்கலன்னு சொல்ல பட்டன் இருக்கு, கஸ்டமர் போன் எடுக்கலன்னு சொல்ல பட்டன் இருக்கு. பாத்ரூம் போயிருக்கேன்னு சொல்ல ஒன்னும் இல்ல. கூட ஓட்டற பசங்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, வண்டிய ஓரம் கட்டுனா முடிஞ்சுது, பள்ளிக்கரணை பக்கம் போனா சதுப்பு நிலமே இருக்கு அவனுங்களுக்கு. பறவைங்க பாவம்.

அதனால என் போன்ல நான் தனியா ஒரு மேப் வெச்சிருக்கேன். ஆப் மேப்ல கடையும் கஸ்டமர் வீடும் இருக்கும். என்னோடதுல பாத்ரூமா ஸ்டார் போட்டு வெச்சிருக்கேன். ஒன்றரை வருஷ உழைப்புங்க அது. எது எத்தன மணிக்கு தொறக்கும், எதுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கும், எதுல கதவ ஒரு கையால புடிச்சிட்டே உக்காரணும், எதுல குப்பத்தொட்டி இருக்கும் எல்லாம் அத்துப்படி. குப்பத்தொட்டி எதுக்குன்னு பொண்ணுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த நாலு நாள் கருப்பு பேன்ட் தான், பேட் ரெண்டு எக்ஸ்ட்ரா சீட்டுக்கு அடியில ஆர்.சி. புக் கவருக்குள்ள இருக்கும். ஒரு வாட்டி டிராஃபிக் போலீஸ்காரர் ஆர்.சி.ய காட்டும்மான்னு கேட்டாரு, நான் கவர அப்படியே எடுத்து நீட்டிட்டேன், அவரு தொறந்து பாத்துட்டு மூடி குடுத்து "சரி சரி போம்மா"ன்னு ரோட்டுக்கு அந்த பக்கம் பாத்துட்டாரு. லைசென்ஸ் கூட கேக்கல.

மேப்ல முதல் இடம் ஹோட்டலுங்க தானேன்னு நெனப்பீங்க, நாள் முழுக்க அங்க தானே நிக்கறேன். அதான் இல்ல. "ஸ்டாஃப் யூஸ் பண்றதும்மா", "ரிப்பேர்ல இருக்கு", "கஸ்டமருக்கு மட்டும் தான்" இந்த மூணுல ஒன்னு கண்டிப்பா வரும். நான் அந்த கடைல இருந்து ஒரு நாளைக்கு எட்டு பார்சல் தூக்கிட்டு போறவ. எல்லா கடையும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஒரு சின்ன மெஸ் இருக்கு, கல்லால இருக்கற அக்கா நான் வண்டிய நிறுத்தறப்பவே கண்ணாலயே பின்பக்கம் காட்டுவாங்க, அங்க தண்ணி வாளில மொண்டு தான் ஊத்தணும், ஆனா அந்த வாளி எப்பவும் ரொம்பி இருக்கும். அந்த மெஸ் ஆர்டர் 20 ரூபான்னாலும் நான் எடுத்துடுவேன்.

அப்புறம் தான் ஒரு விஷயத்த கண்டுபுடிச்சேன். தடுக்கறது என்ன இல்ல, டீ-ஷர்ட்ட. ஒரு பெரிய ஆஸ்பத்திரில வாட்ச்மேன் என்ன கேட்லயே நிறுத்தி டெலிவரி எல்லாம் பின்னாடி வழின்னு அனுப்பிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு மழைக்கு மேல ஒரு பழைய சுடிதார் டாப்ஸ மாட்டிட்டு அதே கேட்ல போறேன், அதே வாட்ச்மேன், "ஓபி நேரா போய் லெஃப்ட்டும்மா"ன்னு வழி சொல்றாரு. அன்னில இருந்து அந்த டாப்ஸ் சீட்டுக்கு அடியில தான். பச்ச கலரு, காலர் கிட்ட கொஞ்சம் சாயம் போயிருக்கும். அத மாட்டுனா நான் நோயாளியோட சொந்தக்கார பொண்ணு, மால்ல துணி பாக்க வந்த பொண்ணு, கோயிலுக்கு வந்த பொண்ணு. கழட்டுனா பின்னாடி வழி.

இந்த பச்ச டாப்ஸால நடந்த கூத்து ஒன்னு இருக்கு. முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபம் மாதிரி பாத்ரூம் உலகத்துலயே கெடையாது, அன்னிக்கு தான் கழுவி ஃபினாயில் போட்டு சோப்பு வெச்சிருப்பாங்க, யாரும் யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்ள வீட்டு ஆளுன்னு நெனப்பாங்க, மாப்ள வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு ஆளுன்னு நெனப்பாங்க. ஆவணி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம மடிப்பாக்கம் பக்கம் ஒரு மண்டபம். மேல டாப்ஸ மாட்டிட்டு, வாசல்ல பன்னீர் தெளிக்கறதுக்கு தலைய குனிஞ்சு காட்டி, ஒரு கல்கண்டும் வாயில போட்டுட்டு நேரா உள்ள போயிட்டேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வெளிய வரேன், ஒரு அம்மா பட்டுப்புடவைல, கழுத்து நெறைய நகை, என் கைய புடிச்சிட்டாங்க. "ஏய் நீ அம்பத்தூர்காரங்க வீட்டு பொண்ணு தானே, எவ்ளோ பெருசாயிட்ட"ன்னு. நான் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல, தலைய ஒரு மாதிரி ஆட்டுனேன். "சாப்டியா?" மறுபடியும் அதே மாதிரி ஆட்டுனேன். அவ்ளோ தான், இழுத்துட்டு போய் பந்தில உக்கார வெச்சிட்டாங்க. எலைல தண்ணி தெளிச்சு, இனிப்பு, வடை, பொரியல்னு ஒவ்வொன்னா விழுது. பேன்ட் பாக்கெட்ல போன் அலறுது. பக்கத்துல ஒரு தாத்தா, "யாரும்மா விடாம கூப்பிடறாங்க"ன்றாரு. வீட்ல தாத்தான்னேன். முப்பத்தி சொச்சம் ரூபா ஆர்டர் ஒன்னு போச்சு. சாம்பார் சாதத்தோட எந்திரிச்சிடலாம்னு பாத்தா அந்த அம்மா எதிர்லயே நின்னுட்டு பால் பாயசம் வரட்டும் இருடின்றாங்க. கெளம்பறப்ப தாம்பூலப் பை வேற, தேங்காயோட. அன்னிக்கு ராத்திரி அந்த தேங்காய ஒடச்சு அம்மா சட்னி அரைச்சாங்க, யாரு கல்யாணம்னு கேட்டாங்க, அம்பத்தூர்காரங்கன்னு சொல்லிட்டேன். அந்த ஜோடி எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

மத்த நாள்ல மதிய சாப்பாடு அம்மா உணவகம் தான். சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா, முதுகுல மாட்டியிருக்கற பைல 380 ரூபா மட்டன் பிரியாணி. மொதல்ல எல்லாம் இத நெனச்சா சிரிப்பு வரும், இப்ப அது கூட வரதில்ல, பழகிடுச்சு. என்ன கஷ்டம்னா பீக் முடிஞ்சு நான் போறப்ப மணி மூணாயிருக்கும், அண்டாவ கழுவ போட்டிருப்பாங்க. அங்க ஒரு அக்கா நான் வருவேன்னு தெரிஞ்சா ஒரு தட்டு எடுத்து மூடி வெச்சிடுவாங்க, அப்படி இல்லன்னா பன்னும் டீயும். டீன்னா மறுபடியும் அரை டம்ளர்.

தண்ணி குடிக்காம இருந்தா என்னாகும்னு நீங்க கேக்கலன்னாலும் சொல்றேன். போன மே மாசம், அந்த வெயில்ல, காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஒரு அரை லிட்டர் தான் குடிச்சிருப்பேன். ராத்திரி யூரின் போறப்ப எரிச்சல், மறுநாள் குளிர் ஜொரம், அடிவயித்துல கத்திய விட்டு திருப்புற மாதிரி. ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரம்மா டெஸ்ட் எழுதி குடுத்து, யூரின் இன்ஃபெக்ஷன், அடக்கி வெக்கறியா, தண்ணி குடிக்கறதில்லையான்னு கேட்டாங்க. ரெண்டும் தான்னேன். ஒரு நாளைக்கு 3 லிட்டராவது குடிக்கணும்மா வெயில்ல சுத்தறவன்னாங்க. சரிங்க மேடம்னு தலையாட்டிட்டு வந்தேன், 3 லிட்டர் குடிச்சா எத்தன ஸ்டார் வேணும்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே. அஞ்சு நாள் படுத்துட்டேன், அந்த வாரம் இன்சென்டிவ் போச்சு, அடுத்த வாரம் லாகின் பண்ணா நல்ல சோன் டைமிங் எல்லாம் வேற ஆளுங்களுக்கு போயிருந்துச்சு. ஜொரம் வந்ததுக்கு ஆதாரம் அப்லோட் பண்ண சொன்னானுங்க, சீட்ட போட்டோ புடிச்சு போட்டேன், "உங்கள் புகாருக்கு நன்றி"ன்னு பதில் வந்துச்சு. நான் புகாரே குடுக்கலயேடா.

அதுக்கப்புறம் ஒரு பாட்டிய பாத்தேன். மடிப்பாக்கத்துல மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது, இடியாப்பம் தேங்கா பால். சாயந்தரம் ஆறு மணி இருக்கும். நான் ரெண்டு மணில இருந்து அடக்கிட்டு இருக்கேன், படி ஏற ஏற கண்ணு கலங்குது. கதவ தொறந்துட்டு பாட்டி பார்சல வாங்கல, என் கால தான் பாத்தாங்க. நான் ஒரு கால மாத்தி ஒரு கால் வெச்சு நின்னுட்டு இருந்தேன் போல. "பாத்ரூம் போணுமா பாப்பா?"ன்னு நேரா கேட்டுட்டாங்க. தண்ணி வேணுமான்னு எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க, இப்படி ஒருத்தர் கேட்டது அது தான் மொத வாட்டி. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு, வேணாம் பாட்டின்னு வாய் சொல்லுது, கால் உள்ள போயிடுச்சு.

வெளிய வந்தா டம்ளர்ல தண்ணியோட நிக்கறாங்க. இப்ப குடி, இப்ப பயம் இல்லாம குடிக்கலாம்னாங்க. வி.எச்.என்.னா வேலை பாத்தவங்களாம், அதான் ஊர் நர்சு, செய்யாறு பக்கம் 30 வருஷம். சைக்கிள்ல ஊர் ஊரா போய் கொழந்தைங்களுக்கு ஊசி, சொட்டு மருந்து, மாசமா இருக்கறவங்கள பாக்கறது. காலைல கெளம்புனா பொழுது சாயற வரைக்கும் பச்ச தண்ணி பல்லுல படாதுன்னாங்க. "கரும்பு தோட்டம் இருக்கற ஊருன்னா அன்னிக்கு நல்ல நாளு. வெட்டு முடிஞ்சிட்டா போச்சு. எந்த ஊர்ல எப்ப கரும்பு வெட்டுவாங்கன்னு அந்த ஊர்க்காரங்கள விட எனக்கு தான் நல்லா தெரியும்." நான் என் போன எடுத்து மேப்ப காட்டுனேன், ஸ்டாரெல்லாம். மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "இதே தாண்டி நானும் வெச்சிருந்தேன், மண்டைக்குள்ள"ன்னாங்க.

இந்த பக்கம் வந்தா கூச்சப்படாம பெல் அடின்னு சொல்லி அனுப்புனாங்க. கீழ இறங்கி அந்த வீட்டுக்கும் ஒரு ஸ்டார் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டேன். ஆர்டர் இல்லாம கஸ்டமர் வீட்டு கதவ தட்டுனா, பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது பாத்து ஒரு கம்ப்ளைன்ட் போட்டா ஐடி காலி. அது ஒரு காரணம். இன்னொன்னு, அவங்க நல்ல மனசோட சொன்னத நாம தினமும் போய் வசூல் பண்ற மாதிரி ஆயிடுமோன்னு. அந்த தெரு வழியா அப்புறம் ஏழெட்டு வாட்டி போயிருப்பேன், பால்கனில கொடில அவங்க புடவ காயும், பாத்துட்டே போயிடுவேன்.

கவர்மென்ட் ஒன்னும் பண்ணலன்னு சொல்ல மாட்டேன். 2023 சுதந்திர தினத்தன்னிக்கு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நல வாரியம்னு அறிவிச்சாங்க, வந்துச்சு, நானும் ஆதார் எல்லாம் குடுத்து பதிஞ்சிருக்கேன். 2025 பட்ஜெட்ல வாரியத்துல இருக்கறவங்கள்ல 2,000 பேருக்கு ஈ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபா மானியம்னு சொன்னாங்க, பெட்ரோலுக்கு அழற எனக்கு அது கெடச்சா பெரிய விஷயம், அந்த 2,000ல ஒன்னா வரணும்னு வேண்டிட்டு இருக்கேன். அதே வருஷம் அண்ணா நகர்ல மாநகராட்சி எங்களுக்குன்னே ஒரு ஏசி ரூம் கட்டி விட்டாங்க, பாத்ரூம், போன் சார்ஜ் போட இடம் எல்லாம் வெச்சு. எங்க குரூப்ல அந்த போட்டோ வந்தப்ப நான் பெருசு பண்ணி பண்ணி பாத்தது அந்த பாத்ரூம் கதவ தான். ரொம்ப நல்ல விஷயம். வேளச்சேரில இருந்து 15 கிலோமீட்டர் கிட்ட. பாத்ரூம் போயிட்டு வர 30 கிலோமீட்டர்னா 70 ரூபா பெட்ரோல் ஆவும்னு கணக்கு போட்டு சொன்னேன், குரூப்ல பசங்க எல்லாம் சிரிப்பு பொம்மைய போட்டானுங்க. என்ன தவிர அந்த குரூப்ல இன்னும் மூணு பொண்ணுங்க இருக்காங்க, அவங்க மூணு பேரும் ஒன்னும் போடல.

சரி, பங்க் கதைக்கு வரேன், தலைப்பே அது தான்.

என் மேப்ல ராத்திரி ஒம்போதுக்கு மேல எரியற ஸ்டார் ரெண்டே ரெண்டு தான். அதுல ஒன்னு ஒரு பெட்ரோல் பங்க். பங்க்னா ஃப்ரீயா காத்து, குடிக்க தண்ணி, டாய்லெட் எல்லாம் இருக்கணும்ங்கறது ரூல், போர்டு கூட வெச்சிருப்பாங்க. ஆனா லேடீஸ் டாய்லெட் எப்பவும் பூட்டு தான், சாவி சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட. யாரும் பாக்கெட்ல போட்டுட்டு போயிடக்கூடாதுன்னு அந்த சாவிய காலி ஆயில் டப்பாவுல கம்பி போட்டு கட்டி வெச்சிருக்காரு, அந்த டப்பாவ தூக்கிட்டு நடந்தா வரிசைல நிக்கற அத்தன பேருக்கும் நாம எங்க போறோம்னு தெரியும். மொத நாள் சாவி கேட்டப்ப "பெட்ரோல் போட்டியாம்மா?"ன்னாரு. அன்னில இருந்து அங்க போனா 50 ரூபாய்க்கு போட்டுட்டு தான் சாவி கேப்பேன். எப்படியும் போடற பெட்ரோல் தானேன்னு.

போன நவம்பர்ல ஒரு ராத்திரி. வேளச்சேரி மழையப் பத்தி புதுசா சொல்ல ஒன்னுமில்ல, 2023 டிசம்பர் மிக்ஜாம்ல நாங்க பாத்ததுக்கு அப்புறம் வானம் கருத்தாலே எங்க ஏரியாக்காரங்களுக்கு வயித்த கலக்கும், 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்ன உடனே ஜனங்க கார கொண்டு போய் பாலத்து மேல வரிசையா நிறுத்துனாங்களே, அதே ஊர் தான். ஆனா மழைன்னா எங்களுக்கு ரேட்டு கூட. ஒரு ஆர்டருக்கு 20, 25 ரூபா எக்ஸ்ட்ரா. அதனால நின்னுடுச்சுன்னா வருத்தமா இருக்கும், அடிச்சு பேஞ்சா பயமா இருக்கும். தண்ணி சைலன்சர் மட்டத்துக்கு இருந்துச்சு. அந்த தண்ணில ஆக்சிலரேட்டர விடவே கூடாது, விட்டா சைலன்சர் வழியா உள்ள ஏறி வண்டி ஆஃப், அப்புறம் தள்ளிட்டு போக வேண்டியது தான். முன்னாடி போற பஸ் அலை அடிச்சா மூஞ்சி வரைக்கும் வரும். ஈரத்துல, குளிர்ல, ரெயின்கோட்டுக்குள்ள ஒட்டிட்டு இருக்கற பேன்ட்ல, அடக்கறதுங்கறது என்னன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது.

கஸ்டமர் போட்ட லொக்கேஷன் வேற தெருவ காட்டுது. போன் பண்ணா எடுக்கல, நாலாவது வாட்டி எடுத்து "நேரா வாங்க, அந்த பச்ச கேட்"ன்றாரு, கரன்ட் இல்லாத தெருவுல எல்லா கேட்டும் கருப்பு தான். எப்படியோ கண்டுபுடிச்சு குடுத்துட்டு திரும்பறேன், அடுத்த தெரு பாட்டி தெரு. மணி ஒம்போதே முக்கால். வண்டிய நிறுத்திட்டு மூணாவது மாடிய பாத்தேன். எமர்ஜென்சி லைட்டு கூட எரியல, தூங்கியிருப்பாங்க. கேட்டு கொண்டில கைய வெச்சேன். வெச்சு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன், ரெயின்கோட் தொப்பில மழ தட தடன்னு அடிக்குது. இந்த வயசானவங்கள எழுப்பி, இருட்டுல கதவு தொறக்க வெச்சு. கைய எடுத்துட்டேன்.

பங்க்குக்கு போனேன். டேங்க் ஃபுல்லு, ஏழு மணிக்கு தான் வேற இடத்துல ரொப்பியிருந்தேன், மழைன்னா பங்க் மூடிடுவாங்களோன்னு. அது நெனப்பே இல்லாம பழக்க தோஷத்துல 50க்கு போடுங்கண்ணான்னு மூடிய தொறந்து குடுத்துட்டேன். சூப்பர்வைசர் அண்ணன் தான் அன்னிக்கு போட்டுட்டு இருந்தாரு, பசங்க யாரும் வரல. 18 ரூபாய்லயே டக்குனு கட் ஆயிடுச்சு, பெட்ரோல் கழுத்து வரைக்கும் வந்து நிக்குது. அவரு டேங்க பாத்தாரு, என்ன பாத்தாரு. "ஃபுல்லா தானேம்மா இருக்கு, எதுக்கு போடற?"

"சாவி குடுங்கண்ணா"ன்னேன்.

ஒன்னும் பேசல. உள்ள போய் ஆயில் டப்பாவ எடுத்துட்டு வந்து குடுத்தாரு. டாய்லெட்ல லைட்டு இல்ல, போன வாயில கவ்விட்டு டார்ச் போட்டுக்கிட்டேன், ரெயின்கோட் பேன்ட்ட கழட்டறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. நடுவுல புது ஆர்டர் ஒன்னு அடிச்சுது, 68 ரூபா, வாயிலயே அலறி அலறி அடங்குச்சு.

திரும்பி வந்து சாவிய குடுத்தேன். 50 ரூபா நோட்ட முன்னாடியே வாங்கி வெச்சிருந்தாரு, 32 ரூபா சில்லற இல்லம்மா நாளைக்கு வரப்ப வாங்கிக்கோன்னாரு. சரிண்ணான்னு வந்துட்டேன். மறுநாள் சாயந்தரம் போறேன், கைல சில்லறையோட நிக்கறாரு. அது இருக்கட்டும்ணா, சாவிய குடுங்கன்னேன். அதுக்கடுத்த நாளும் அதே தான். இப்பல்லாம் நான் வண்டிய திருப்பறப்பவே டப்பாவ எடுத்து மேஜை மேல வெச்சிடறாரு. பெட்ரோல் போட்டியான்னு கேக்கறதில்ல. அந்த 32 ரூபாய நான் இன்னும் வாங்கல.